ஐம்பத்தேழு சென்டிமீட்டர்

கோபர்க்கில், பெல் வீதிச் சந்தியில்,
ட்ராம் தண்டவாளம் நனைந்து கிடந்த ஒரு செவ்வாய்க்கிழமை
முன்சில்லு வழுக்கி நான் விழுந்தபோது
தலைக்கு வந்தது
தலைப்பாகையோடு போனது.

அந்தத் தலைப்பாகையைத்தான்
கடை மேசையில் வைத்திருக்கிறேன்.
வலது காதுப் பக்கம்
உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்து வெளுத்திருக்கிறது.
ஸ்டாவ்ரோஸ் அதைக் காதோரம் ஆட்டிப் பார்க்கிறான்,
தேங்காய் வாங்குகிறவன்போல.
"செத்துவிட்டது" என்கிறான்.
"வெளியே ஒன்றும் பெரிதாய்த் தெரியாது.
உள்ளே நுரை நசிந்திருக்கும்.
ஒரு அடிதான் இது தாங்கும். ஒரே ஒரு அடி."

எனக்கு அப்படியில்லை என்று சொல்ல வந்து
விலையைக் கேட்கிறேன்.

அளவு நாடா நெற்றியைச் சுற்றுகிறது,
புருவத்துக்கு ஒரு விரல் மேலே.
நாற்பத்தாறு வருடத்தில்
இடுப்பை அளந்திருக்கிறார்கள், தோளை, கையை,
மோதிர விரலைக்கூட நூல் சுற்றி.
தலையை யாரும் அளந்ததில்லை.
ஐம்பத்தேழு.
கொண்டையை அவிழ்க்கச் சொல்கிறான்.
கொண்டைக்கென்று இங்கே அளவு கிடையாது.

முதலாவது கறுப்பு. மினுக்கமில்லாத, வடிவான கறுப்பு.
போட்டதும் கடை முழுக்கக் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது.
மேலே எங்கோ அவன் வாய் அசைகிறது.
பத்து நிமிடம் கழற்றக் கூடாதாம்.
நடக்கிறேன்:
கையுறைகள், சங்கிலி எண்ணெய்,
யாருடைய குழந்தைக்கோ சிவப்புச் சப்பாத்து.
கழற்றினால், நடு நெற்றியில்
பொட்டு வைக்கும் இடத்தில் கன்றிய சிவப்பு.
"இது வட்டத் தலைக்குச் செய்தது.
உன்னுடையது நீளத் தலை."
இதையும் இன்றைக்குத்தான் அறிகிறேன்.

இரண்டாவது பஞ்சு போல இருக்கிறது.
விலை எண்ணூற்றுச் சொச்சம்.
பாரம் குறையக் குறையக் காசு கூடுமாம்.
தலைக்கனம் குறைக்க இவ்வளவு செலவா!
திருப்பி வைத்தேன்.

மூன்றாவது கன்னங்களை இறுக்கிப் பிடித்தது.
"ஏதாவது கதைத்துப் பார்."
என்னத்தைக் கதைக்க?
வாழைப்பழத் தோலில் வழுக்கி விழும் கிழவனைச்
சின்ன வயது வேகத்தில் சொல்லத் தொடங்கி
இரண்டாவது ழகரத்தில்
கன்னத்தைக் கடித்துக்கொண்டேன்.
"அதுதான் உன் அளவு" என்றான்.

ஆனால் மஞ்சள் மட்டும்தான் இருந்தது.
வீதி வேலைக்காரரின் சட்டை மஞ்சள்,
ஒரு மைல் தூரத்துக்குக் கத்தும் மஞ்சள்.
கண்ணாடியில் பார்த்தேன்.
மங்களமாகத்தான் இருந்தது,
போகட்டும்.

பழையதன் உள்ளே, காதுப் பஞ்சுக்குப் பின்னால்,
ஒரு சின்ன அட்டை செருகியிருந்தது.
பெயர். இரத்த வகை.
அவசரத்துக்கு: குகதாசன், அவனுடைய இலக்கம்.
ஏழு வருடமாக எடுத்துப்போட மறந்தது.
ஆம்புலன்ஸ்காரி அதைத்தான் அழைத்திருக்கிறாள்.
வந்தான்.
வீட்டுச் செருப்போடு,
தன் மனைவியின் காரில்;
பின்சீட்டில் குழந்தை இருக்கை, உடைந்த பிஸ்கட்.
"நோகுதா?"
இல்லையென்று தலையாட்ட முடியவில்லை.
கழுத்தில் பட்டை.

ஸ்டாவ்ரோஸ் கத்தரி எடுத்து
பழையதன் நாடி வாரை வெட்டினான்.
குப்பையிலிருந்து யாரும் எடுத்துப் போட்டுவிடக் கூடாது,
அதற்காம்.
கத்தரி மொட்டை. இரண்டு தரம் வெட்ட வேண்டியிருந்தது.

புதியதற்குள்ளும் அட்டை இருக்கிறது.
தலையெழுத்துக்கு ஒன்றரை அங்குலம் விட்டிருக்கிறார்கள்.
பேனா கேட்டேன்,
காதில் செருகியிருந்த பென்சிலைத் தந்தான்.
பெயர், இரத்த வகை எழுதினேன்.
மூன்றாவது வரியில் நின்றேன்.
பின்னால் ஒரு பையன் காசு கொடுக்கக் காத்திருந்தான்.

யோகமலர், என்று எழுதினேன்.
இரவு வேலைக்காரி. பகலில் நித்திரை.
அழைத்தால் முதலில் எடுக்க மாட்டாள்,
பிறகு பத்துத் தரம் திருப்பி எடுப்பாள்.

பெல் வீதிச் சந்தி. மறுபடி தூறல்.
தண்டவாளத்தை இந்த முறை குறுக்கே நேராக வெட்டுகிறேன்.
கன்னத்தின் உள்பக்கம் இன்னும் உப்புக் கரிக்கிறது.
வலம் பார்க்கிறேன். இடம் பார்க்கிறேன்.
கழுத்து திரும்புகிறது.